கொடி எந்தப் பக்கம்?

"குருவி, சன்னல்கிட்டப் போய் எட்டிப் பாரும்மா. கொடி எந்தப் பக்கம் பறக்குது?"

வயர்லெஸ்ஸில் வந்தது அவள் கணவனின் குரல். கேள்விதான் அவளுக்கு இல்லை.

துறைமுகக் கண்ட்ரோல் ரூமுக்குள் அடுத்த ஷிஃப்டுக்காக நுழைந்தவள், கைப்பையைக்கூட இறக்காமல் நின்றாள். கீச்சுக் குரலால் குருவி என்று பெயர் வாங்கிய சின்னப் பெண், மைக்கை வைத்துவிட்டு சன்னலுக்கு ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"தெற்குப் பக்கம் பறக்குது சார்."

"சரியா பாத்தியா? கப்பலுக்குக் கயிறு கட்ற ஆளுங்க மூணாம் பெர்த்துக்கு வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க சார். நிழல்ல உக்காந்திருக்காங்க."

"நீ காலையில சாப்பிட்டியா? ராத்திரி நல்லாத் தூங்கினியா?"

"தூங்கினேன் சார்." குருவி சிரித்தாள்.

இழுவைப்படகு ஓட்டுபவர் குறுக்கே புகுந்தார். "பைலட் சார், கப்பலைக் கட்ட வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? இவ்வளவு விசாரிப்பு!"

துறைமுகம் முழுக்கக் கேட்கிற அலைவரிசை அது. எங்கோ ஒரு கிரேனிலிருந்துகூட யாரோ சிரித்தார்கள். அவள் கைப்பையை மேசைமேல் பொத்தென்று போட்டாள்.

குருவி எழுந்து இடம் கொடுத்தாள். "உக்காருங்கக்கா."

"நாற்காலியாவது மிச்சம் வச்சியே."

குருவிக்கு ஒன்றும் புரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

அடுத்த கப்பல் அவள் ஷிஃப்டில் வந்தது. கனத்த சரக்கு, நீரில் ஆழமாக அமிழ்ந்திருந்தது. பைலட்டான அவள் கணவன் படகில் போய், கயிற்று ஏணி வழியாக அதில் ஏறி, உள்ளே ஓட்டிவர வேண்டும்.

"காத்து வடக்கு. பெர்த்துல ஆழம் போதுமான அளவு இருக்கு, கடல் ஓதம் இன்னும் ஏறுது. இழுவைப்படகு ரெண்டு ரெடி. குடிதண்ணி கேட்டிருக்காங்க, கட்டினதும் குழாய் போட்டுடுவாங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை. சன்னலைப் பார் என்று ஒரு வார்த்தை.

"சரி" என்றார். அவ்வளவுதான். ஏணியில் கால் வைத்துவிட்டார்.

எல்லாம் அந்த உரசலுக்குப் பிறகுதான். சில மாதங்களுக்கு முன் ஒரு கப்பல் பெர்த்தின் கரைச்சுவரில் உரசி, பக்கவாட்டுத் தகடு நசுங்கியது. 'காத்தை நான்தான் தப்பாக் கணிச்சேன்' என்று அதிகாரிகளிடம் சொல்லிவிட்டு, கொஞ்ச நாள் வேலையில்லாமல் வீட்டில் சும்மா இருந்தார். திரும்பப் போனவருக்குக் குருவியிடம் மட்டும் இந்தக் குழைவு எங்கிருந்து வந்ததோ.

அன்று மாலை, அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டாள்.

"உங்க வாய் கடல்ல மட்டும்தான் திறக்குமா?"

"என்னம்மா ஆச்சு?"

"அவளுக்குச் சாப்பிட்டியா, தூங்கினியா. எனக்கு ஒரு 'சரி'. கட்டினவ கசந்துட்டேனா?"

அவர் கைநுரையைக் கழுவினார்.

"அவகிட்டக் கேக்கணும். உங்கிட்ட எதுக்குக் கேக்கணும்?"

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அவள் பரண் மேலிருந்து பெட்டியை இறக்கினாள். அவர் கதவோரம் நின்று, "கொஞ்சம் பொறும்மா, காரணம் இருக்கு. ஆனா அது என் ரகசியம் இல்ல" என்றார்.

"உங்க ரெண்டு பேர் ரகசியம்னு சொல்லுங்க" என்றபடி சேலைகளை மடித்தாள்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் அம்மா வீட்டுக்குக் கிளம்புவதாக முடிவு. அதற்கு முன் ஒரு கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. கண்ட்ரோல் டவரின் இரும்புப் படிக்கட்டில், இறங்கி வந்துகொண்டிருந்த குருவியை மறித்தாள்.

"அடுத்தவ புருஷன்கிட்ட ஊரே கேக்கக் கொஞ்சுறியே, வெக்கமா இல்ல உனக்கு?"

குருவியின் முகம் வெளுத்தது. "கொஞ்சலா? அக்கா, அது கொஞ்சல் இல்ல, பரீட்சை!"

"என்ன பரீட்சை?"

"சார் உங்ககிட்டச் சொல்லவே இல்லையா?" குருவி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தாள். "அந்தக் கப்பல் உரசின அன்னிக்கு மைக்ல நான் இருந்தேன். காத்து பாக்குற கருவி ரிப்பேர். வடக்கேயிருந்து வர்ற காத்தை வடக்குன்னுதானே சொல்லணும்? நான் கொடி பறக்குற பக்கத்தைப் பாத்துத் தெற்குன்னு சொல்லிட்டேன். வேலைக்குச் சேந்த புதுசு, உண்மை தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு சார் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாங்க."

அவள் வழிமறித்திருந்த கையை இறக்கினாள்.

"அன்னிலேருந்து நான் மைக்ல இருந்தா, சன்னலுக்கு அனுப்பி, என் கண்ணு முழிச்சிருக்கா, வயிறு காயுதான்னு எல்லாம் கேட்டுட்டுத்தான் ஏணியில கால வைப்பாங்க." குருவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "நீங்க பேசினா மட்டும் எதையும் சரிபாக்காம ஒரே ஒரு 'சரி'. அதை நெனச்சு எத்தனை நாளா உங்க மேல வயிறெரிஞ்சுட்டிருக்கேன் தெரியுமாக்கா?"