பழைய பேஸ் கிட்டார் என்ன விலை?

“இந்தக் கடையிலையும் சரிவராட்டி வீட்டை போவம், ஜெசிந்தா,” என்றான் பெனடிக்ற். கிட்டார் பெட்டி அவன் கையில் இருந்தது.

“கே றோட்டிலை இன்னும் ரெண்டு கடை இருக்கு. பேசாமல் வாங்கோப்பா,” என்றபடி ஜெசிந்தா உள்ளே நுழைந்தாள். ஆக்லாந்தில் பழைய கிட்டார் வாங்குகிற கடைகளில் பாதியை அன்று ஏறி இறங்கிவிட்டார்கள்.

“அறுபத்திரண்டாம் ஆண்டு பேஸ் கிட்டார் என்ன விலை போகும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

கடைக்காரர் நிமிர்ந்தார். “நல்ல விலை போகும். போன கிழமைதான் அப்படி ஒன்று வாங்கினேன்.”

“காட்டுவீர்களா?”

உள்ளேயிருந்து ஒரு சிவப்பு பேஸைக் கொண்டுவந்தார். ஜெசிந்தா அதை மடியில் வைத்துக் கொஞ்சம் வாசித்தாள். அவள் கண்கள் கலங்கின.

“இனி உங்களுடையதைக் காட்டுங்கள்,” என்றார் கடைக்காரர்.

பெனடிக்ற் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒன்றுமில்லை.

“இதுதான் என்னுடையது,” என்றாள் ஜெசிந்தா. “போன மாதம் எங்கள் வீட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். முன்பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். அடியில் என் பெயர் இருக்கும்.”

கடைக்காரர் நம்பாமல்தான் கழற்றினார். தகட்டின் அடியில் ஏதோ தமிழில் கீறியிருந்தது. அவர் ஒரு தாளை நீட்டினார். “உங்கள் பெயரை எழுதுங்கள்.”

எழுதினாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அவரே பொலிசுக்கு போன் செய்தார்.

பொலிஸ் வந்து விசாரித்து, கிட்டாரை ஜெசிந்தாவிடமே கொடுத்துவிட்டுப் போனபின் இருவரும் தெருவுக்கு வந்தார்கள். பெட்டி இப்போது அவள் கையில் இருந்தது.

“பெட்டியைத் தாரும், நான் தூக்கிறன்.”

“வேண்டாம். நீங்கள் ஓடிப்போய் எங்கட பாண்ட்காரருக்கு போன் பண்ணுங்கோ. சனிக்கிழமை டான்ஸுக்கு நான் வாசிக்கிறன் எண்டு சொல்லுங்கோ!”