வீட்டுக்குப் போய்ச் சொல்கிறோம்

வெண்மதி காபி கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

"எடம் விசாலமா இருக்கு. காத்தும் நல்லா வருது" என்றார் மாப்பிள்ளையின் அப்பா தங்கராசு.

"எல்லாம் வசதிதாங்க. பக்கத்துல யாரோ விடுற குறட்டைதான் ஜாஸ்தி. பத்து நாளா தூக்கமே இல்ல" என்றார் பெண்ணின் அப்பா அன்புமணி.

தங்கராசுவின் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு கணவரைப் பார்த்தாள். அவர் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

"வூட்டுக்குப் போயி கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்."

அன்புமணிக்கு முகம் வாடியது. இப்படிச் சொல்லிவிட்டுப் போன இரண்டு வரன்களிடமிருந்து இன்றுவரை பதில் வரவில்லை. இருந்தாலும் வாசல்வரை போய் வழியனுப்பினார்.

ஏழாம் வகுப்பு 'அ' பிரிவிலிருந்து வெளியே வந்த மாப்பிள்ளை வீட்டார், நான்கு எட்டு நடந்து, இன்னும் சில குடும்பங்களும் தங்கியிருந்த 'ஆ' பிரிவுக்குள் நுழைந்தார்கள். வெள்ளாறு இந்த வருஷமும் ஊருக்குள் புகுந்ததிலிருந்து, இரண்டு குடும்பத்துக்கும் புவனகிரியில் இந்தப் பள்ளிக்கூடம்தான் வீடு. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்.

அன்புமணி மனைவியிடம் கிசுகிசுத்தார். "அந்தக் குறட்டை இவருதான்டி. அந்தம்மா சிரிச்சப்பதான் புரிஞ்சிது. கோச்சிக்கிட்டுப் போறாரு. இந்த வரனும் போச்சு."

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தங்கராசுவின் குரல் வந்தது.

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, சம்பந்தி."