இரண்டு தலைக்கு யார் காரணம்

கொம்பையா பானையைக் கவிழ்த்ததும் தண்ணீர்ப் பாம்புக் குட்டி எங்கள் முற்றத்தில் விழுந்தது. ஒரே உடம்பு, இரண்டு தலை. ஒன்று வேலிப்பக்கம் இழுத்தது, இன்னொன்று கிணற்றுப்பக்கம்.

பத்தமடை ஆற்றோரம் கோரை அறுக்கும்போது கிடைத்ததாம். முதலில் பார்த்தவள் அவன் பெண்டாட்டி. அவளுக்கு ஏழு மாதம். வேலிக்கு வெளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இவ செஞ்ச பாவந்தான் கண்ணு முன்னால வந்திருக்குன்னு ஆத்தா சொல்லுதா. வீட்ல வச்சிக்கிடட்டுமா, அவ அப்பன் வீட்டுக்கு விரட்டிரட்டுமா? ஐயாதான் சொல்லணும்.”

ஐயா என்றால் என் வீட்டுக்காரர், வாத்தியார் தேவசிகாமணி. ஊருக்கெல்லாம் நியாயம் சொல்கிறவர். நான் அவரோடு வாய் திறந்து பேசி வருடக்கணக்காகிறது. சோறு வைப்பேன், அவ்வளவுதான்.

அவர் உள்ளே போய்த் தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, இதே மாதிரிப் பாம்பின் படத்தைக் காட்டினார்.

“பாவமும் கெடையாது, சாபமும் கெடையாதுலே. ஒரு கரு ரெண்டாப் பிரிய ஆரம்பிச்சு பாதியில நின்னு போச்சுன்னா இப்படித்தான் பிறக்கும். பாம்பு, ஆடு, மனுசன் எல்லாத்துக்கும் இதுதான். அவளக் கூட்டிட்டுப் போ.”

அந்தப் பெண் ஓவென்று அழுதுவிட்டாள். நன்றாக இருக்கட்டும். அவள் மேல் எனக்கென்ன கோபம்?

எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் பிறந்தார்கள். 1906 ஜூன் மாதம். ஒரே உடம்பு, இரண்டு தலை. ஒரு பகல் முழுக்க மூச்சு இருந்தது.

உங்கள் இருவரில் யார் செய்த பாவம் என்று வேதக்கோவில் சபையார் கேட்டார்கள். இவர் என்னைக் கைகாட்டினார். செய்யாத பாவத்தை எப்படிச் சொல்வது என்று இவரே சொல்லிக்கொடுத்தார். கோவிலில் எல்லாருக்கும் முன்னால் முழங்காலில் நின்று சொன்னேன். ஒரு வருடம் எனக்கு நற்கருணை கிடையாது.

அப்போது இவருக்கும் தெரிந்திருக்காது, பிறகுதான் படித்திருப்பார் என்று நினைத்தேன். வெட்கங்கெட்ட மனசு கொஞ்சம் இளகவும் செய்தது.

கொம்பையா பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போனதும் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்.

படத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது. இவர் கையெழுத்துதான்.

‘தாய் காரணமல்ல.’

கீழே தேதி போட்டிருந்தார். பிள்ளைகள் பிறப்பதற்கு இரண்டு வருடம் முந்தி.