உச்சி வெயில் ஷிப்ட்

இன்னும் பத்து நிமிஷத்தில் ஆள் மாறும், வந்து பார் என்று பிரிட்டோ ஜன்னலருகே உட்கார்ந்து மனைவியைக் கூப்பிட்டான்.

விஜயராணி எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, மணி பதினொன்றரை.

பாகூரில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டை ஒட்டி ஒரு காலி மனை. யாரோ வீடு கட்ட இறக்கிய ஜல்லி மாதக்கணக்கில் கிடந்தது. அதன் மேல் ஓர் ஆள்காட்டிக் குருவி உட்கார்ந்திருந்தது. வயிற்றுக்கடியில் நான்கு முட்டைகள்.

கூடு என்று சொல்ல ஒரு துரும்புகூட இல்லை. மே மாத வெயில் நேராக அதன் முதுகில் விழுந்தது.

பிரிட்டோ இருபது நாளாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கம்பெனியில் அவனுக்கு நைட் ஷிப்ட். காலை ஏழு பத்துக்கு வேன் கொண்டுவந்து விடும். குளித்துச் சாப்பிட்டுவிட்டு, விஜயராணி ஒன்பது மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை தூங்குவான். யாரும் எழுப்பாத தூக்கம் அவனுக்கு நாளில் அது ஒன்றுதான்.

அவள் தவளக்குப்பத்தில் ஜவுளிக்கடைக்குப் போய்விட்டு இரவு ஏழுக்குத் திரும்புவாள். ஒன்பதுக்கு அவனுக்கு வேன். நடுவில் இருக்கிற பகல் முழுக்க அவனும் குழந்தையும் ஜன்னலும்தான்.

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் குருவி ஒன்றல்ல, இரண்டு என்று கண்டுபிடித்தான். ஒன்றின் காலில் நீல வலைநூல் சுற்றியிருந்தது. மணப்பட்டுப் பக்கம் கடலோரத்தில் எங்கோ மாட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

நூல் சுற்றிய குருவி தினமும் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வரும். நேராக வராது. வேறு ஏதோ வேலையாக வந்தது மாதிரி அங்கே கொத்தும், இங்கே கொத்தும். உட்கார்ந்திருந்தது எழுந்து ஏரிப் பக்கம் பறந்துவிடும். நூல்காரி போய் முட்டைமேல் உட்காரும்.

அப்புறம் நாலரை மணிவரை அசையாது. வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். சில நாள் வரும்போதே நெஞ்சை எங்கோ தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளை ஈரமாக்கும். ஒருநாள் பசுமாடு ஒன்று ஜல்லி மேல் கால் வைக்கப் பார்த்தது. இறக்கையை விரித்து நின்று கத்தியே மாட்டைத் திருப்பி அனுப்பியது.

அதுதான் தாய் என்று பிரிட்டோ முடிவு செய்துவிட்டான்.

போட்டோ எடுத்து 'தாய் மனசு' என்று ஸ்டேட்டஸ் வைத்தான். வேனில் கூட வருகிறவர்களிடம் சொன்னான். கடலூரில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னான். வெயில் ஏறியதும் ஏரிக்குக் காற்று வாங்கப் போய்விடுகிற அந்த இன்னொன்றை, பொறுப்பில்லாத அப்பன் என்று வாய்க்கு வந்தபடி திட்டினான்.

அதிகமாகச் சொன்னது விஜயராணியிடம்தான். அதற்குக் காரணம் இருந்தது.

கடையில் அவளைப் புடவைப் பிரிவுக்குப் பொறுப்பாளராகப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். சம்பளம் கூடும். ஆனால் காலையில் முன்னதாகவே போய்விட வேண்டும். அவனுடைய தூக்கம் போய்விடும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள்.

பிரிட்டோ வேண்டாம் என்று சொல்லவில்லை. குருவியைப் பற்றிச் சொன்னான். அவள் சோறு போடும்போதெல்லாம், அந்தத் தாய் இன்றைக்கு எவ்வளவு நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தது என்று சொன்னான். அவள் உம் கொட்டிக்கொண்டே குழம்பு ஊற்றுவாள்.

இன்றைக்கு நேராகவே கேட்டுவிடுவது என்றிருந்தான். வேலையையே விட்டுவிட்டால் என்ன என்று.

சொன்ன நேரத்துக்கு நூல் சுற்றிய குருவி வந்தது. அங்கே கொத்தியது, இங்கே கொத்தியது. மற்றது எழுந்து பறந்தது. முட்டைகள் ஒரு நொடிதான் வெளியே தெரிந்தன.

"பாத்தியா ராணி? பெத்தவளுக்குத்தான் அந்த அக்கறை வரும்," என்று தொடங்கினான் பிரிட்டோ.

விஜயராணி குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள்.

"அது ஆம்பள."

பிரிட்டோ சிரித்தான். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்போது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான்.

முட்டை வைப்பதற்கு முன்னால் ஒருநாள் காலையில் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். இரண்டும் அதே ஜல்லியில்தான் நின்றன என்றாள். குழந்தைக்குப் புரிந்துவிடும்போல அதை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மேல ஏறுனது நூலு சுத்துனதுதான். நான் பாத்தேன்."

பிரிட்டோ கீழே பார்த்தான். அது வாயைப் பிளந்து வெயிலில் உட்கார்ந்திருந்தது. இருபது நாளாகத் தாய் என்று கூப்பிட்டதை இப்போது என்னவென்று கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அப்படியானால் முட்டையிட்டது ஏரிக்குப் போகிறதே, அது. இத்தனை நாளில் அது திரும்பி வர நாலரைக்கு மேல் ஒருநாளும் ஆனதில்லை என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். வெயிலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறதை அவன் அவ்வளவு ஆசையாகப் புகழ்ந்துகொண்டிருந்தான், கேட்க நன்றாக இருந்தது என்றாள்.

அவனுக்குக் காது சூடானது. தோளில் கிடந்த துண்டில் குழந்தை காலையில் கக்கிய பால் காய்ந்திருந்தது. அதை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டான்.

திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"எத்தினி மணி பஸ்சு புடிக்கணும் நீ?"

ஏழே முக்கால் பஸ் என்றாள்.

அவள் கிளம்புமுன் குளித்துச் சாப்பிட நேரம் வேண்டும், வழியில் டீக்கு நிறுத்தாமல் வரச் சொல்லி வேன் டிரைவர் மணிவண்ணனிடம் பேசுகிறேன் என்றான். குழந்தை பகலில் தூங்கும்போது தானும் தூங்கிக்கொள்வதாகச் சொன்னான்.

அப்படியென்றால் கடையில் சரியென்று சொல்லிவிடுகிறேன் என்றாள் விஜயராணி.

வெள்ளிக்கிழமையே சரியென்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருந்ததை அவள் சொல்லவில்லை.