முந்நூறாவது ஓடு

மைக்ரோஸ்கோப்பில் முந்நூறு நுண்ணுயிர் ஓடுகள் எண்ண வேண்டும். தென்துருவக் கடலடியில் எடுத்த, முப்பது லட்சம் வருடப் பழைய சேறு. அதில் பனிக்கடல் உயிர்களின் ஓடு பாதியைத் தொட்டால், இன்றைய இதே சூட்டை அன்றைய பனி உருகாமல் தாங்கியது என்று பொருள்; கடல் ஏறாது, எங்கள் கடலோரப் பெரியதாழையில் குடியிருக்கலாம். குறைந்தால் ஊரைக் காலி செய்வார்கள்.

“காலி பண்ணச் சொன்னா செத்துருவேன்” என்றிருந்தார் அங்கிருக்கும் என் கணவர்.

இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது எண்ணி முடித்தபோது பனிக்கடல் ஓடு நூற்று நாற்பத்தொன்பதில் நின்றது. கடைசி ஓடும் பனிக்கடலுடையதுதான், ஆனால் உடைசல். ஓட்டில் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால்தான் எண்ணலாம். எண்ணிவிட்டேன்.

முடிவைச் சொன்னதும் கணவர் போனில் அழுதேவிட்டார். “ஜெசிந்தா, ஊரு தப்பிச்சிட்டு! மகளை நாளைக்கே இங்க கூட்டிட்டு வந்துரு.”

மறுபடி குனிந்து பார்த்தேன். எப்படித் திருப்பினாலும் அந்த ஓடு பாதிகூட இல்லை.