கோட்டுக்குள் ஒரு கொடி

அவாடெரே பள்ளத்தாக்கில் டிசம்பர் மதியம்; பூமியின் இந்தத் தென்பாதியில் இது கோடையின் தொடக்கம். திராட்சை பூத்திருக்கிறது, பனிமலையிலிருந்து இறங்கும் காற்று கொடிகளைப் போட்டு உலுக்குகிறது. வெயில் கண்ணைக் கூசவைக்கிறது, ஆனாலும் விரல்கள் விறைக்கின்றன. டூகல் ஒரு பூங்கொத்துக்கு அடியில் தொப்பியைப் பிடித்து மெல்லத் தட்டுகிறான். காய் பிடிக்காத பூக்கள் பச்சைத் தவிடாகத் தொப்பிக்குள் உதிர்கின்றன. மறுகணம் காற்று அவற்றையும் வாரிக்கொள்கிறது. காற்றுக்குத் தடுப்பாக நின்ற பாப்லர் மரங்களின் அடிக்கட்டைகள் வேலியோரம் இன்னும் வெளுப்பாகவே இருக்கின்றன. போன குளிர்காலத்தில் அவன்தான் வெட்டினான். "காத்து பட்டாதான் பழத்தோட தோல் தடிக்கும், ஒயின்ல ருசி ஏறும்னு சொல்லி வெட்டினே," என்கிறாள் அக்கா கிளெனிஸ். "தோல் தடிக்க மொதல்ல காய் வேணுமேடா." "காய் பிடிச்சிட்டா இதே காத்து நல்ல காத்துதான்க்கா. இந்தப் பூக்கிற நேரத்துல மட்டும்..." அவன் சட்டென்று கோட்டைக் கழற்றி விரித்து, ஒரே ஒரு கொடியை மறைத்தபடி நிற்கிறான். கோட்டு கப்பல் பாய்போல் புடைக்கிறது. "பைத்தியமாடா உனக்கு?" என்கிறவள், படபடக்கும் அதன் முனையை எட்டிப் பிடித்துக்கொள்கிறாள். அந்தக் கொடி அசையாமல் நிற்கிறது. அவர்களுக்குப் பின்னால், கடல்வரைக்கும், வரிசை வரிசையாகப் பூ கொட்டிக்கொண்டிருக்கிறது.