முந்திக்கொண்டவள்

டார்லீனின் வருமான வரிப் படிவம் நிராகரிக்கப்பட்டுத் திரும்பியிருந்தது. வரி ஆலோசகர் வெர்னான் உதட்டைப் பிதுக்கினார்.

"நீங்க வளர்க்கிற தங்கச்சி பிள்ளைங்க ரெண்டு பேரையும், தான் வளர்க்கிறதா வேற யாரோ இந்த மாசம் முந்திக்கிட்டு அவங்க வரிப் படிவத்துல காட்டியிருக்காங்க."

"யாரு?"

"பேரு தரமாட்டாங்க. பிள்ளைங்க அடையாள எண் தெரிஞ்சவங்கதான்."

"அது எனக்கும் என் தங்கச்சிக்கும் மட்டுந்தான் தெரியும்."

"அப்போ அவங்கதான்! வளர்க்கறது நீங்க, வரிச்சலுகை அவங்களுக்கா? நல்லாயிருக்கே நியாயம்! புகார் எழுதட்டுமா? மூவாயிரம் டாலருங்க!"

"வேண்டாம் சார், பயந்து மறுபடி ஒளிஞ்சுக்குவா."

"ஏமாத்துனவங்களுக்கா இரக்கம்?"

டார்லீன் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"பத்து மாசமா ஆளைக் காணோம் சார். ஆத்துல மூழ்கிப் போயிருப்பாள்னு போலீஸ் தேடறதையே நிறுத்திட்டாங்க. பிள்ளைங்ககிட்ட முதல்ல சொல்லணும்... அவங்க அம்மா உயிரோட இருக்கா!"